பெயர் போடாத மர்ம நாவல்: எழுதியவரைத் தேடப் புறப்படுகிறவர்களுக்கு

பழைய வீட்டைக் காலி செய்யும்போது, பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரரிடம் போகவிருந்த கட்டிலிருந்து ஒரு துப்பறியும் நாவலை உருவி எடுத்து வைத்திருக்கிறீர்கள். அட்டை போய்விட்டது. தலைப்புப் பக்கத்தில் கதையின் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது, விலையும் இருக்கிறது. எழுதியவர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'ஓர் இரசிகன்' என்றோ 'ஒரு பட்டதாரி' என்றோ போட்டிருக்கிறது. சில நூல்களில் அதுவும் இல்லை. ஒரே மூச்சில் படித்து முடித்தாயிற்று. கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது. எழுதியவன் யாரென்றுதான் தெரியவில்லை. எழுதியவளாகவும் இருக்கலாம், அதைக் கடைசிவரை மறக்காதீர்கள்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டே இந்தத் தேடலை எப்படித் தொடங்குவது, எந்த வரிசையில் செய்வது என்று இங்கே சொல்கிறேன். வரிசை முக்கியம். அதை மாற்றிப் போட்டு நான் வீணாக்கிய மாதங்கள் கொஞ்சமல்ல.

முதலில், செய்யக் கூடாத ஒன்று. பத்துப் பக்கம் படித்ததும், "நடையைப் பார்த்தாலே தெரிகிறதே, இது வடுவூராருடையதுதான்" என்று யாராவது சொல்வார்கள். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு என்று மூன்று பெயர்கள் நம் நினைவில் நிற்கின்றன. அனாதையாகக் கிடக்கிற எந்தப் பழைய மர்மக் கதையையும் இம்மூவரில் ஒருவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவது நம்மவர் வழக்கம். ஆனால் இவர்கள் பெயர் அட்டையில் இருந்தாலே புத்தகம் விற்றது. பெயருக்கே விலை இருந்தவர் அதை எதற்காக மறைக்கப் போகிறார்? நடையை வைத்து ஊகிப்பது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் புத்தகம் விற்ற காசு யார் கைக்குப் போனது?

இந்தக் கேள்வியின் பலத்தைப் புரிந்துகொள்ள லண்டன்வரை ஒரு நடை போய்வரலாம். 'ஒன்ஸ் எ வீக்' என்ற வார இதழில் 1862 நவம்பர் முதல் 1863 ஜனவரி வரை 'நாட்டிங் ஹில் மிஸ்டரி' என்ற தொடர்கதை வந்தது. படம் வரைந்தவர் ஜார்ஜ் டு மோரியே என்று தெரியும். எழுதியவர் பெயர் இதழில் இல்லை. கதையும் சாதாரணக் கதை அல்ல. ஒரு பிரபு தன் மனைவியின் உயிருக்கு 25,000 பவுண்டு காப்பீடு எடுக்கிறான், அவள் இறந்துபோகிறாள். காப்பீட்டு விசாரணைக்காரர் ஒருவர் சேகரித்த வாக்குமூலங்கள், நாட்குறிப்பு, கடிதத் துண்டு, வீட்டின் வரைபடம் ஆகியவற்றை அப்படியே வாசகர் முன் கொட்டிவிட்டு, "நீங்களே பாருங்கள்" என்கிறது கதை. ஆங்கிலத்தின் முதல் முழுநீளத் துப்பறியும் நாவல் இதுதான் என்று திறனாய்வாளர் ஜூலியன் சைமன்ஸ் சொன்னார். பலரும் முதலிடம் கொடுக்கும் வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' வந்தது 1868இல்தான்.

1865இல் சாண்டர்ஸ், ஆட்லி நிறுவனம் அதைப் புத்தகமாக வெளியிட்டபோது 'சார்ல்ஸ் பீலிக்ஸ்' என்ற பெயரைப் போட்டது. அது புனைபெயர். அதற்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது ஏறத்தாழ 150 ஆண்டு மர்மமாகவே கிடந்தது. 2011இல் பால் காலின்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் விடையை முன்வைத்தார். அவர் கையிலிருந்த முக்கியத் தடயத்துக்கும் எழுத்து நடைக்கும் சம்பந்தமில்லை. அதே 'பீலிக்ஸ்' பெயரில் அதே நிறுவனம் 1864இல் 'வெல்வெட் லான்' என்று இன்னொரு நாவலை வெளியிட்டிருந்தது. அந்த ஆண்டு மான்செஸ்டர் செய்தித்தாள் ஒன்றின் இலக்கிய வம்புப் பத்தியில், அந்த நாவலை எழுதியவர் சார்ல்ஸ் வாரன் ஆடம்ஸ் என்றும், பதிப்பகத்தை இப்போது தனியாளாக நடத்துகிறவர் அவரே என்றும் ஒரு வரி இருந்தது. பதிப்பாளரே எழுத்தாளர்! புத்தகம் விற்ற காசு எங்கிருந்து புறப்பட்டதோ அங்கேயே திரும்பியிருக்கிறது. ஆடம்ஸ் சட்டம் படித்தவர் என்று தெரிந்த பிறகு, அந்த வாக்குமூலக் கட்டு ஏன் அவ்வளவு கச்சிதமாக இருந்தது என்பதும் விளங்குகிறது. இதற்குப் பிறகு 2012இல் பிரிட்டிஷ் நூலகம் அந்த நாவலை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது.

ஒரு வம்பு வரி, அதே புனைபெயரில் வந்த இன்னொரு நூல், பதிப்பகத்தின் உரிமையாளர் பெயர். இவை மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் புத்தகத்துக்கு வருவோம்.

புத்தகத்துக்குப் பிரேதப் பரிசோதனை

படிப்பதை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைப் பொருளாகப் பாருங்கள். எழுதியவர் பெயருக்கு முன்னால் ஆண்டு வேண்டும். பழைய தமிழ் நாவல்களில் ஆண்டு போடாதது சகஜம். ஆனால் விலை காட்டிக்கொடுத்துவிடும். தமிழ்நாட்டுப் பதிப்பில் விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தியது, ஏனென்றால் அந்த ஆண்டு ஏப்ரலில்தான் இந்தியா தசமக் காசுக்கு மாறியது. 'ந.பை.' (நயா பைசா) என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில் வந்தது. முகவரியில் 'சென்னை-1' என்று மட்டும் இருந்தால் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்த 1972க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். சிங்கப்பூர் முகவரியானால் இன்னும் வசதி: நான்கு இலக்கக் குறியீடு 1979இல் வந்தது, ஆறு இலக்கம் 1995இல். எழுத்தையும் பாருங்கள். 'லை', 'னை', 'றா' முதலியவை யானைத் துதிக்கையும் சுழியுமாகப் பழைய வடிவில் இருக்கின்றனவா? தமிழ்நாட்டு அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றது 1978இல். மறுபதிப்பில் இவை எல்லாமே மாறியிருக்கும் என்பதால், கிடைக்கிற ஆண்டு உங்கள் கைப்பிரதியின் ஆண்டுதான். கதை அதைவிட மூத்ததாக இருக்கலாம்.

அடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்புறமும் கடைசிப் பக்கங்களும். பலரும் இவற்றைப் புரட்டுவதே இல்லை. 'உரிமை பதிப்பகத்தாருக்கே' என்று இருந்தால் ஒரு திசை, 'உரிமை ஆசிரியருக்கே' என்று இருந்தால் வேறு திசை. சில பழைய நூல்களில் "கீழ்க்காணும் கையொப்பமில்லாத பிரதிகள் திருட்டுப் பிரதிகள்" என்று அச்சிட்டு, அதன் கீழே மையால் ஒரு கிறுக்கல் இருக்கும். தன் பெயரை முகப்பில் மறைத்த மனிதர் காசு விஷயத்தில் ஜாக்கிரதையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், பாருங்கள். அந்தக் கிறுக்கலைப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் முதலெழுத்தாவது தேறும். விளம்பரப் பக்கங்களில் 'இந்நூலாசிரியரின் பிற நூல்கள்' என்ற பட்டியல் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். அந்தப் பிற நூல்களில் ஒன்று வேறொரு பதிப்பில் முழுப் பெயரோடு வந்திருக்கக்கூடும். சார்ல்ஸ் பீலிக்ஸ் மாட்டிக்கொண்டதும் இன்னொரு நூல் வழியாகத்தான்.

இங்கே என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்த பிரதியின் தலைப்புப் பக்கத்தில் சிராங்கூன் சாலை முகவரியோடு ஒரு கடையின் பெயர் இருந்தது. ஆகா, சிங்கப்பூரிலேயே வெளியான மர்ம நாவல் என்று துள்ளிக் குதித்து, இரண்டு மாதம் இங்குள்ள பதிவுகளையே துழாவினேன். ஒரு சனிக்கிழமை மாலை, ஜன்னலோர வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தபோதுதான், கடைப் பெயரின் ஊதா மை, அச்சு எழுத்தின் மேல் ஏறி நிற்பது கண்ணில் பட்டது. 'சென்' என்ற இரண்டு எழுத்து அதற்கடியில் பாதி மறைந்து கிடந்தது. அது ரப்பர் ஸ்டாம்பு. கப்பலில் வந்த புத்தகத்தை விற்றவர் போட்ட முத்திரை. வெளியிட்டவர் இருந்தது சென்னையில். நம் ஊரில் கிடைக்கும் பழைய தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பகுதி அக்கரையிலிருந்து வந்தவை. விற்றவரையும் வெளியிட்டவரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அரசாங்கம் எழுதி வைத்த கணக்கு

ஊரும் ஏறத்தாழ ஆண்டும் தெரிந்தபின் போக வேண்டிய இடம் அரசுப் பதிவு. புதியவர்களுக்கு இது தெரிவதில்லை; தெரிந்தவர்களும் அலுப்பில் தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் தேடலின் இதயம்.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1867இல் அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. அச்சடிக்கும் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருந்தாக வேண்டும் என்றது அது. உங்கள் நாவலில் எழுதியவர் பெயர் இல்லாமல் அச்சகத்தின் பெயர் மட்டும் இருப்பதற்குக் காரணமும் அதுவே. அதோடு நூலின் பிரதியை அரசுக்கு அனுப்ப வேண்டும். அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியிடும். நூலின் பெயர், மொழி, ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர், பக்க எண்ணிக்கை, எத்தனை பிரதி, என்ன விலை என்று கட்டம் கட்டமாக அதில் இருக்கும். அந்தக் கட்டங்களின் கோடியில், காப்புரிமை வைத்திருப்பவரின் பெயரும் அவர் வசிக்கும் இடமும் கேட்கப்பட்டிருக்கும். முகப்பில் 'ஓர் இரசிகன்' என்று ஒளிந்துகொண்டவர், நாளைக்கு யாரோ திருட்டுப் பதிப்புப் போட்டால் வழக்குப் போட வேண்டுமே என்று இந்தக் கட்டத்தில் தன் சொந்தப் பெயரைக் கொடுத்திருக்கலாம். புகழ் வேண்டாம் என்பவர்கள்கூடப் பணத்தை வேண்டாம் என்று சொல்வது அரிது.

சென்னை மாகாணத்துக்கான இந்தக் காலாண்டுப் பட்டியல்களைச் சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும் தேடலாம். ஸ்கேன் செய்யப்பட்ட தொகுதிகள் சில இணையத்திலும் கிடைக்கின்றன. பதிவில் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார்கள், அதுவும் எழுதிய குமாஸ்தாவின் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படி. 'சுந்தரி' என்பது 'ஸௌந்தரி'யாகியிருக்கும். ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், அச்சகத்தின் பெயரை வைத்துக்கொண்டு வரிசையாகப் படித்துப் போவதே மேல். வெளியீட்டுக்கும் பதிவுக்கும் இடையே மாதங்கள் கழிந்திருக்கும் என்பதால் முன்னும் பின்னும் ஓராண்டு சேர்த்துப் பாருங்கள்.

உண்மையிலேயே இங்கே அச்சான நூல் என்றால், அக்காலத்தில் சிங்கப்பூரை உள்ளடக்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான நீரிணைக் குடியேற்றங்களின் அரசிதழைப் பாருங்கள். இங்கும் 1886இல் நூல் பதிவுச் சட்டம் வந்தது. பதிவான நூல்களின் பட்டியல் அரசிதழில் வெளியாயிற்று. 1887இல் சி.கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். நம் அச்சு வரலாறு பலரும் நினைப்பதைவிடப் பழையது.

வம்புப் பத்தி எங்கே?

மான்செஸ்டர் செய்தித்தாளின் அந்த ஒற்றை வரிக்கு நம் பத்திரிகைகளில் ஈடாக இருப்பவை வந்துசேர்ந்த புதிய நூல்களைப் பட்டியலிடும் 'வரப்பெற்றோம்' பகுதியும் மதிப்புரையும் விளம்பரமும். விக்டோரியா சாலை 100ஆம் எண்ணிலுள்ள தேசிய நூலகக் கட்டடத்துக்குப் போங்கள். லீ கொங் சியான் மேற்கோள் நூலகம் அங்கேதான் இருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' தளத்தில், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைப் பார்க்கலாம். வீட்டிலிருந்தே நிறையப் படிக்கலாம். சில இதழ்களை நூலகக் கட்டடத்துக் கணினியில்தான் முழுதாகப் பார்க்க முடியும்.

தேடல் பெட்டியில் புனைபெயரைத் தட்டிவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று திரும்பிவிடாதீர்கள். பழைய தமிழ் அச்சைக் கணினி தப்பும் தவறுமாகத்தான் படிக்கும். தேதி வாரியாக, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அலுப்பூட்டுகிற வேலை. ஒரே நாளில் இரண்டு மாதத்துக்கான இதழ்களுக்கு மேல் என்னால் புரட்ட முடிவதில்லை; கண் அதற்குமேல் நகைக்கடை விளம்பரத்துக்கு ஓடிவிடுகிறது. முதலில் பொங்கல், தீபாவளி மலர்களைப் பாருங்கள். பிறகு இரங்கல் செய்திகளை. 'இன்ன புனைபெயரில் கதைகள் எழுதிவந்தவர்' என்று ஒரு மனிதரின் இரகசியம் அச்சில் வெளிப்படுகிற இடம் பல சமயம் அவருடைய மரணச் செய்திதான். நூலகப் பணியாளர்களைக் கேட்கத் தயங்காதீர்கள். 'யார் எழுதினார்கள் என்று தெரிய வேண்டும்' என்று கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. 'இன்ன ஆண்டு, இன்ன அச்சகம், இந்த மூன்று மாதம்' என்று கேளுங்கள்.

சென்னைப் பக்கத்துக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன. இரண்டாவதை இங்கிருந்தே திறந்து பார்க்கலாம்.

கதையே கடன் வாங்கியதாக இருந்தால்?

ஆங்கில நூலைத் தேடுகிறவர்களுக்கு இல்லாத தலைவலி ஒன்று நமக்கு உண்டு. அந்தக் காலத்துத் தமிழ்த் துப்பறியும் நாவல்களில் கணிசமானவை ஆங்கிலத்திலிருந்து தழுவியவை. ஆங்கில நாவலாசிரியர் ஜி.டபிள்யூ.எம். ரெனால்ட்ஸ் போன்றவர்களின் நாவல்களை இந்தியாவெங்கும் விழுந்து விழுந்து படித்தார்கள். ஆரணி குப்புசாமி முதலியார் முதலானோர் ஆங்கிலக் கதைகளைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். தழுவியவர் பெயரை மட்டும் போட்ட நூல்கள் உண்டு, அதையும் போடாதவை உண்டு. ஆகவே நீங்கள் தேடுகிறவர் ஒருவரல்ல, இருவராக இருக்கலாம்.

கண்டுபிடிக்க எளிய வழி, வீட்டுச் சாமான்களைப் பார்ப்பது. கதை கும்பகோணத்தில் நடக்கிறது. ஆனால் துப்பறிபவர் உள்ளே நுழைந்ததும் கணப்படுப்பின் சாம்பலைக் கிளறி எரிந்த கடிதத்தை எடுக்கிறார். சித்திரை மாதத்துக் கும்பகோணத்தில் கணப்படுப்பு எதற்கு? மிராசுதார் வீட்டில் எல்லாரும் தனித்தனி அறையில் பூட்டிக்கொண்டு தூங்குகிறார்கள், சமையற்காரர் மணியடித்தால் வருகிறார், மூத்த மகனுக்கே முழுச் சொத்தும் என்ற உயில் கதையை நடத்திச் செல்கிறது. இப்படி நான்கைந்து சேர்ந்தால் பென்சிலால் குறித்துக்கொண்டு, பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டுக் கதையின் எலும்புக்கூட்டை மட்டும் பத்து வரியில் எழுதுங்கள். யார் யாரை எப்படிக் கொன்றார், எதனால் அகப்பட்டார் என்பது போதும். பழைய ஆங்கில மர்ம நாவல்களில் ஊறிய நண்பர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். மூலநூல் எதுவென்று தெரிந்துவிட்டால், உங்கள் தமிழ் நூல் அதற்குப் பிந்தியது என்ற உறுதியும் சேர்ந்து கிடைக்கும்.

நடை ஒப்பீடு: இப்போது செய்யலாம்

இரண்டு மூன்று பேரில் ஒருவர் என்ற நிலைக்கு வந்த பிறகுதான் நடை உதவும். அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்துப் புனைபெயரில் வந்த 'பெடரலிஸ்ட்' கட்டுரைகளில், ஹாமில்டனா மேடிசனா எழுதியது என்று சர்ச்சைக்குள்ளான 12 கட்டுரைகளை மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1964இல் மேடிசனுடையவை என்று முடிவுகட்டியது இப்படித்தான். போட்டி இருவருக்குள் மட்டும் என்பதால், கண்ணில் படாத சிறு சொற்களை எண்ணிப் பார்த்தே சொல்ல முடிந்தது. 2013இல், துப்பறியும் நாவல் எழுதிய ராபர்ட் கால்பிரெய்த் என்பவர் 'ஹாரி பாட்டர்' ஆசிரியர் ஜே.கே. ரோலிங்தான் என்று வெளிப்பட்டபோது கணினி ஒப்பீட்டைப் பற்றிப் பெரிதாகப் பேசினார்கள். ஆனால் முதலில் கசிந்தது வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றிலிருந்து. ஒருவர் வாய் நழுவிய பிறகுதான் கணினி அதைச் சரிபார்த்தது.

தமிழில் சொற்களை எண்ணுவது அவ்வளவு சுலபமும் அல்ல. நம் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருபவை. நான் பார்ப்பது வேறு சில. 'இது நிற்க' என்று காட்சி மாற்றுகிறவரா, 'நிற்க' என்று மட்டும் எழுதுகிறவரா? அத்தியாயத் தொடக்கத்தில் வாசகரை அழைக்கிறாரா? 'ஆயினும்', 'ஆனபோதிலும்', 'இருந்தாலும்' மூன்றில் எது அவருக்குக் கைவந்தது? துப்பறிபவரை 'நமது' என்று உரிமை கொண்டாடுகிறாரா? ஆனால் 'யென்று', 'யிருந்தது' போன்ற எழுத்துக்கூட்டலைச் சான்றாக எடுக்காதீர்கள். அது ஆசிரியருடையதாக இருப்பதைவிட அச்சுக்கோத்தவருடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே அச்சகத்தில் வந்த வேறொருவர் நூலை எடுத்து ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

கிடைத்த பெயரை என்ன செய்வது

ஒரு பெயர் தேறிவிட்டது என்றால், வாரிசுகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் வெளியே சொல்வதற்குமுன் அவர்களிடம் பேசுங்கள். அரசாங்க உத்தியோகமோ ஆசிரியர் வேலையோ பார்த்தவர், பெண், குடும்பத்துக்குத் தெரியாமல் எழுதியவர் என மறைத்ததற்குக் காரணம் இருந்திருக்கும். முதியவர்களிடம் போனால் 'எழுதினாரா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

மறுபதிப்புப் போடும் எண்ணம் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. இந்தியச் சட்டப்படி பெயரில்லாத நூலுக்குக் காப்புரிமை, வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அதற்குள் ஆசிரியர் யாரென்று வெளிப்பட்டுவிட்டால், அவர் இறந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. மறுபதிப்புக்கு இறங்குமுன் வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

சான்றுகளை எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எந்தத் தரத்தது என்று போடுங்கள். பதிவேட்டில் பெயர் இருந்தால் 'பதிவு'. அக்காலப் பத்திரிகை சொன்னால் 'செய்தி'. நடை ஒத்துப்போனால் 'ஊகம்'. ஊகம் எத்தனை சேர்ந்தாலும் ஒரு பதிவுக்கு ஈடாகாது.

அந்த ரப்பர் ஸ்டாம்பு நாவல் விஷயத்தில் நான் இப்போது எங்கே நிற்கிறேன் என்றால், காப்புரிமைக் கட்டத்தில் கிடைத்தது அச்சக உரிமையாளரின் பெயர். அவரே எழுதினாரா, யாரோ எழுதியதை மொத்தமாக விலைக்கு வாங்கிக்கொண்டாரா என்பது அந்தக் கட்டத்தில் இல்லை. அவர் தம் பெயரிலேயே வெளியிட்ட சிறு நூல் ஒன்று சென்னையில் ஒரு நூலகத்தில் இருக்கிறது. படி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதுவரை என் பிரதியின் உள்ளட்டையில் அவர் பெயர் பென்சிலில்தான் இருக்கிறது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.